வாங்கலாமா பாஸ்? - 60 எக்ஸ் ஆசையும் வெம்பக்கோட்டை வெயிலும்!



போன வாரம் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்குவது எப்படினு அளந்து விட்டதுல, கிளாஸ்ல எனக்கு 'ஷாப்பிங் சயின்டிஸ்ட்'னு பட்டமே கொடுத்துட்டாங்க. அந்தப் பட்டத்தை இந்த வாரமே மரியாதையா திருப்பிக் கொடுத்துடறேன். ஏன்னா, இந்த வாரம் நான் வாங்கின ஒரு செம பல்பு பத்தித்தான் மேட்டரே!

பொருள்: ஸ்பாட்டிங் ஸ்கோப். யாருக்கு: என் தங்கச்சிக்கு. காசு: சித்தியோடது. ஐடியா: அடியேனோடது. (இந்த நாலுல எது சொதப்பியிருக்கும்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க!)

சித்தி பொண்ணு சிவகாசியில ஒரு காலேஜ்ல செகண்ட் இயர். என்.சி.சி. கேம்ப்ல முதல் தடவையா பாயின்ட் 22 ரைஃபிளைக் கையில கொடுத்தாங்க. அஞ்சு ரவுண்டு. அஞ்சு ஓட்டையும் ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி குரூப்பிங்! எங்க ஊர்ப் பொண்ணு வேற எதை வெச்சு அளக்கும்? ஹவில்தார் ஆச்சர்யப்பட்டு, 'இந்தப் பொண்ணை ஏதாவது ரைஃபிள் கிளப்ல சேர்த்து விடுங்க'னு சொல்லி அனுப்பினார். இப்போ மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வெம்பக்கோட்டையில பஸ் ஏறி, சிவகாசி, விருதுநகர் வழியா மதுரைக்குப் போய் 50 மீட்டர் ப்ரோன், அதாவது குப்புறப் படுத்துச் சுடற ஐட்டத்துல பிராக்டீஸ் பண்றா.

சித்திக்கு இதுல துளிகூட இஷ்டம் இல்லை. அவங்க பட்டாசு ஆலையில திரி வேலை. "வெடிச் சத்தத்துலயேதான் நம்ம பொழப்பு ஓடுது. இதுல நீ வேற துப்பாக்கியைத் தூக்கணுமாக்கும்?"னு புலம்புவாங்க. ஆனாலும் போன தீபாவளி போனஸ்ல இருந்து 9,000 ரூபாயைத் தனியா எடுத்து என் கையில கொடுத்தாங்க. "நீதான் இன்ஜினீயருக்குப் படிக்கிறியே தம்பி... அவளுக்கு என்னமோ டெலஸ்கோப் வேணுமாம். நல்லதா பாத்து வாங்கிக் குடு."

நல்லதா பார்த்தேன். எப்படி? டப்பா மேல எந்த நம்பர் பெருசா இருக்குனு பார்த்தேன். '20-60 எக்ஸ்'னு இருந்துச்சு. அறுபது மடங்கு! வாங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில தெருப் பசங்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டி ஹீரோவாவும் ஆயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில 11 மணி, ரேஞ்ச். 60-ல வெச்சு டார்கெட்டைப் பார்த்தா... அடுப்புல கொதிக்கிற ரசத்துக்குள்ள ஒரு கறுப்பு அப்பளம் மிதக்குது! ஓட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. கோச் வந்து பார்த்தார். சிரிக்கலை. "தம்பி, அந்த வளையத்தை 20-க்குக் கொண்டு வாங்க"னார். கொண்டு வந்தேன். பளிச்! ஒன்பதாவது வளையத்துல குட்டியா ஒரு ஓட்டை.

சித்தி காசுல நான் வாங்கின 20-க்கு மேல உள்ள நாற்பது எக்ஸும் அன்னிக்கே வேஸ்ட். நீங்களும் அப்படி ஏமாறாம இருக்கத்தான் இந்த வாரப் பாடம்.

முதல்ல, இது உங்களுக்கு வேணுமா?

ஸ்பாட்டிங் ஸ்கோப்னா துப்பாக்கி மேல மாட்டுற லென்ஸ் இல்லை. அது வேற ஜாதி. ஒலிம்பிக் பாணி ரைஃபிள் போட்டிகள்ல துப்பாக்கி மேல டெலஸ்கோப் வைக்கவே கூடாது, கண் துவாரமும் வளையமும் உள்ள சைட் மட்டும்தான். ஸ்பாட்டிங் ஸ்கோப் பக்கத்துல ஒரு ஸ்டாண்டுல தனியா நிக்கும். சுட்டது எங்கே விழுந்துச்சு, காத்து எப்படி அடிக்குதுனு பார்க்கத்தான் அது.

நீங்க 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ஆளா? அப்போ காசை பாக்கெட்லயே வைங்க பாஸ். பேப்பர் டார்கெட்டா இருந்தா கம்பியில ஓடி உங்க கைக்கே வந்துடும். எலெக்ட்ரானிக் டார்கெட்டா இருந்தா பக்கத்துல உள்ள மானிட்டர்ல புள்ளியும் மார்க்கும் தெரியும். அந்தக் காசுக்கு நல்ல பெல்லட் வாங்கினா ஸ்கோர் ஏறும்.

50 மீட்டர்ல பேப்பர்ல சுடறவங்களுக்குத்தான் சிக்கல். கணக்கைப் பாருங்க. பாயின்ட் 22 குண்டோட விட்டம் 5.6 மி.மீ. சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்ல பத்து மார்க் வட்டம் 10.4 மி.மீ. நல்ல கண்ணுக்கு 50 மீட்டர்ல சுமார் 15 மி.மீ. அளவுக்குக் குறைஞ்ச விஷயம் தனியாப் பிரிஞ்சு தெரியாது. அதாவது ஓட்டை மட்டும் இல்லை, பத்து மார்க் வட்டமே கண்ணுக்குச் சிக்காது! அதுலயும் 112.4 மி.மீ. கறுப்பு வட்டத்துக்குள்ள ஒரு கறுப்பு ஓட்டையைத் தேடணும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் பார்க்க முடியுமா? ரேஞ்ச்ல மத்தவங்க சுட்டுக்கிட்டு இருக்கும்போது கோட்டைத் தாண்டவே கூடாது.

20 எக்ஸ்னா 50 மீட்டர்ல இருக்கிறது இரண்டரை மீட்டர்ல இருக்கிற மாதிரி. நம்ம கிளாஸ்ல ஃபர்ஸ்ட் பெஞ்ச்ல உட்கார்ந்து போர்டைப் பார்க்குற தூரம். 5.6 மி.மீ. ஓட்டைக்கு அது தாராளம்!

பெரிய நம்பர் என்ன பண்ணும்?

ஸ்கோப்பை வெளிச்சத்துக்கு எதிரே கையை நீட்டிப் பிடிச்சு, கண் வைக்கிற பக்கத்தை ஒரு அடி தள்ளி நின்னு பாருங்க. குட்டியா ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். முன் லென்ஸோட விட்டத்தை எக்ஸால வகுத்தா அந்த வட்டத்தோட அளவு. எங்க ஸ்கோப்புக்கு முன் லென்ஸ் 60 மி.மீ. 20 எக்ஸ்ல வட்டம் 3 மி.மீ. 60 எக்ஸ்ல ஒரே ஒரு மில்லி! பகல்ல நம்ம கண்ணு பாப்பாவே 2, 3 மி.மீ. திறந்திருக்கும். அதுக்குள்ள ஒரு மில்லி வெளிச்சம் வந்தா படம் மங்கும், தலை லேசா நகர்ந்தாலே 'கட்' ஆகும்.

ரெண்டாவது, எக்ஸ் ஏற ஏற பார்வைப் பரப்பு சுருங்கும். உங்க டார்கெட் தெரியும், அது எத்தனாம் நம்பர்னு தெரியாது. 'அதனால என்ன?'னு கேட்டீங்கன்னா, ஒரு ஒலிம்பிக் கதை சொல்றேன், காதைக் கொடுங்க.

2004, ஆகஸ்ட் 22, ஏதென்ஸ். 50 மீட்டர் மூணு பொசிஷன் ஃபைனல். அமெரிக்காவோட மேத்யூ எம்மன்ஸ் 3 புள்ளி முன்னிலையில இருக்கார். ரெண்டு நாள் முன்னாடிதான் ப்ரோன்ல தங்கம் ஜெயிச்ச மனுஷன். பாக்கி ஒரே ஒரு குண்டு. 7.2 எடுத்தாலே தங்கம். சுட்டார், 8.1! ஆனா மானிட்டர்ல ஒண்ணுமே வரலை. காரணம், அவர் நின்னது ரெண்டாவது லேன், சுட்டது மூணாவது லேன் டார்கெட்! அந்த ஷாட்டுக்கு மார்க் பூஜ்யம். தங்கத்துல இருந்து எட்டாவது இடம். சீனாவோட ஜியா ஜான்போவுக்குத் தங்கம்.

வழக்கமா அவர் முதல்ல டார்கெட்டுக்கு மேல உள்ள நம்பரைப் பார்த்துட்டு, அப்புறம்தான் துப்பாக்கியைக் கீழே இறக்குவாராம். அன்னிக்கு மனசை அமைதியாக்குற கவனத்துல நம்பரைப் பார்க்க விட்டுட்டார். (அன்னிக்கு அவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவங்க செக் நாட்டு வீராங்கனை கேத்தரீனா கூர்கோவா. 2007-ல ரெண்டு பேருக்கும் கல்யாணம். அட, நிஜமாத்தாங்க!)

பாடம் என்னன்னா, ஸ்கோப்ல டார்கெட்டும் அதோட நம்பரும் ஒண்ணா தெரியணும். அதுக்குப் பரந்த பார்வை வேணும். 60-ல அது கிடைக்காது.

நம்ம ஊர் வெயில் இருக்கே...

இதுதான் மெயின் பிக்சர். வெம்பக்கோட்டை கரிசல் பூமி. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி. இந்த வறட்சிதான் பட்டாசையும் தீப்பெட்டியையும் காய வெக்க வசதினு இந்தப் பக்கம் அந்தத் தொழில்களை வேரூன்ற வெச்சுது. அதே வறண்ட வெயில்தான் ஸ்கோப்புக்கு வில்லன்.

காலையில 10 மணிக்கு மேல தரை சூடாகும். தரையை ஒட்டின காத்தும் சூடாகி மேலே கிளம்பும். சூட்டுக் காத்தும் குளிர்ந்த காத்தும் கலக்குற இடத்துல வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வரும். சாத்தூர் ரோட்டுல மத்தியானம் தூரத்துல தண்ணி நிக்கிற மாதிரி தெரியுமே, அதே கானல்தான். நீங்க 60 மடங்கு பெரிசாக்கினா டார்கெட் மட்டும் பெரிசாகாது. அந்த நடுக்கமும் 60 மடங்கு பெரிசாகும். நான் பார்த்த ரசம் அதுதான்!

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. அந்த வில்லனே நமக்கு ஃப்ரெண்டும் ஆவான். ஸ்கோப் ஃபோகஸை டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, பாதி தூரத்துக்குக் கொண்டு வாங்க. கானல் அலை ஆறு மாதிரி ஓடுறது தெரியும். இடமிருந்து வலம் ஓடினா காத்தும் அப்படித்தான். அலை எந்தப் பக்கமும் சாயாம செங்குத்தா கொதிச்சா காத்து இல்லை, இல்லேன்னா நேர் முன்னாலயோ பின்னாலயோ இருந்து வருதுனு அர்த்தம். பாயின்ட் 22 குண்டைப் பத்து வட்டத்துக்கு வெளியே தள்ள லேசான பக்கக் காத்தே போதும். அதனாலதான் எலெக்ட்ரானிக் டார்கெட் வந்த பிறகும் 50 மீட்டர்ல ஸ்கோப்புக்கு வேலை போகலை. மானிட்டர் விழுந்த குண்டைத்தான் சொல்லும். அடுத்த குண்டை எப்போ விடலாம்னு காத்துதான் சொல்லும்.

சரி, எதைப் பார்த்து வாங்கணும்?

எக்ஸ்: 50 மீட்டருக்கு 15-ல இருந்து 25 எக்ஸ் போதும். அதே காசுல ஜூம் ஸ்கோப்பும், ஜூம் இல்லாத 20 எக்ஸும் கிடைச்சா ஜூம் இல்லாததைக் கையில எடுங்க. அசையுற பாகம் கம்மி, காசு கண்ணாடிக்குப் போகும்.

முன் லென்ஸ்: 50-ல இருந்து 65 மி.மீ. அதுக்கு மேல போனா கனம், விலை ரெண்டும் எகிறும். பகல்ல சுடறவங்களுக்கு அந்தக் கூடுதல் வெளிச்சம் தேவையில்லை.

கோட்டிங்: 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்'னு இருக்கணும். சும்மா 'கோட்டட்'னா ஏதோ ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசியிருந்தாலும் அப்படிப் போடுவாங்க. ப்ரிஸம் பிஏகே-4 வகையா இருந்தா ஓரத்துல இருட்டடிக்காது.

நேரா, வளைவா?: குப்புறப் படுத்துச் சுடறவங்களுக்குக் கண் பக்கம் 45 டிகிரி வளைஞ்சது வசதி. வலது கைக்காரங்க ஸ்கோப்பை இடது பக்கம் முகத்துக்குக் கிட்ட வெச்சு, உடம்பை அசைக்காமப் பார்க்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் எக்கி எக்கிப் பார்த்தா பொசிஷன் கலையும், ஸ்கோர் காலி!

கண்ணாடி போட்டவங்களுக்கு: ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விட்டா முழுப் படமும் தெரியும்னு டப்பாவுலயே போட்டிருக்கும். 15 மி.மீ.க்குக் குறையாம பாருங்க. ஜூம் ஸ்கோப்ல எக்ஸை ஏத்தினா இந்த இடைவெளியும் பெரும்பாலும் குறையும்.

ஸ்டாண்ட்: மொத்தக் காசையும் ஸ்கோப்ல கொட்டிட்டு, டப்பாவுல வர்ற குட்டி பிளாஸ்டிக் ஸ்டாண்டை நம்பினீங்க... போச்சு. ஒரு தும்மலுக்கு ஆடும். ப்ரோனுக்கு உயரம் கம்மியான கனமான ஸ்டாண்ட் போதும். எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல இரும்புத் தகடும் ராடும் வெச்சு நானே ஒண்ணு அடிச்சுக் கொடுத்தேன். இந்தக் கதையில நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம்!

டெஸ்ட்: ஏ.சி. கடைக்குள்ள பார்த்து மயங்காதீங்க. விடுமுறைக் கால விலைக் கழிவுல அவசரப்படாதீங்க. ஒரு நியூஸ்பேப்பர்ல பேனா முனையால அஞ்சாறு ஓட்டை போட்டு, மத்தியான வெயில்ல 50 மீட்டர் தள்ளி சுவத்துல ஒட்டிப் பாருங்க. ஓட்டையை எண்ண முடியுதா? ஓரத்துல உள்ள எழுத்தும் நடுவுல உள்ள எழுத்தும் ஒரே மாதிரி கூர்மையா இருக்கா? கறுப்பு எழுத்தைச் சுத்தி ஊதா நிறம் கசியுதா? இந்த மூணு கேள்வி போதும்.

எல்லாத்துக்கும் மேல, ரேஞ்ச்ல சீனியர் ஒருத்தரோட ஸ்கோப்பை ரெண்டு நிமிஷம் கடன் கேளுங்க. யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

ஒரு எச்சரிக்கை: ஸ்கோப் வாங்க லைசென்ஸ் வேண்டாம். பாயின்ட் 22 துப்பாக்கி அப்படி இல்லை. கிளப், கோச், சட்டம் மூணுக்கும் உட்பட்டுத்தான் அதைத் தொடணும். ஸ்கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் சூரியன் பக்கம் திருப்பாதீங்க, கண்ணு போயிடும்.

'இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு பாஸ்'னு சொல்றீங்களா? 2022-ல திருச்சி ரைஃபிள் கிளப்ல நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தப்போ, கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வந்துச்சு. டார்கெட்டை யாரும் பார்க்கலை. ஆனா 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி பாரீஸ்ல 50 மீட்டர் மூணு பொசிஷன்ல இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம், வெண்கலம் வாங்கிக் கொடுத்த ஸ்வப்னில் குசாலே யாரு? கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். ரயில்வேயில டிக்கெட் கலெக்டர் வேலை பார்த்தவர்.

இன்னொரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

எங்க ஊர்ல நேரங்கெட்ட நேரத்துல 'டமார்'னு சத்தம் கேட்டா யாரும் பேச மாட்டாங்க. எல்லாரும் மாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் எழும்புதுனுதான் பார்ப்பாங்க. 2024 பிப்ரவரி 17-ம் தேதி ராமுத்தேவன்பட்டியில 10 பேர் போன அன்னிக்கும் அப்படித்தான் நின்னோம்.

ரேஞ்ச்ல நான் பல்பு வாங்கி மூணு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, முற்பகல். சத்தம். சித்தி வேலைக்குப் போயிருக்காங்க. ஆலைக்குள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது, கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. தங்கச்சி ஸ்கோப்பைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடினா, நானும் பின்னாடியே ஓடினேன். கண்ணை வெச்சுப் பார்த்தவ, "அண்ணே, ஒண்ணுமே தெரியலண்ணே"னு அலறினா. முதல் நாள் ராத்திரி பசங்களுக்கு மறுபடியும் நிலா காட்டிட்டு வளையத்தை 60-லயே விட்டிருந்தேன். கை நடுங்குது, கானல் நடுங்குது, ஸ்கோப்புக்குள்ள வெறும் வெள்ளை. எந்தப் பக்கம் பார்க்கிறோம்னே புரியலை.

ஒரு மூச்சு விட்டா. சுடறதுக்கு முன்னாடி விடுவாளே, அதே மாதிரி. வளையத்தை 20-க்குத் திருப்பினா. வாட்டர் டேங்க், ரெண்டு பனை, அதுக்கு அந்தப் பக்கம் புகை. எல்லாம் ஒரே படத்துல தெரிஞ்சுது. "அம்மா யூனிட் இல்லண்ணே. டேங்க்குக்கு அந்தப் பக்கம்."

அப்பவும் ரெண்டு பேரும் சிரிக்கலை. அது யாரோ ஒருத்தரோட அம்மா யூனிட்தானே? சாயந்திரம்தான் தெரிஞ்சுது, அங்கே அன்னிக்கு வேலை இல்லை, கட்டடத்தோட போச்சுனு.

சித்தி வேன்ல வந்து இறங்கினப்போ நாங்க இன்னும் மாடியிலதான் இருந்தோம். மேலே வந்தாங்க, விஷயம் கேட்டாங்க, ஸ்கோப்ல கண்ணை வெச்சு ரொம்ப நேரம் தெருவையும் டேங்க்கையும் பார்த்தாங்க. "நல்லாத்தான் தெரியுது"ன்னாங்க. அப்புறம், "அடுத்து எப்ப மதுரை போகணும்?"னு அவகிட்ட கேட்டாங்க. சித்தி அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்னிக்கு ராத்திரி தங்கச்சி கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஜூம் வளையத்தை 20-ல வெச்சு மூணு சுத்து சுத்திட்டா. "இனிமே நிலா கிடையாதுண்ணே"னு ஆர்டர் வேற!

ஆக, ஏற்கெனவே என்னை மாதிரி பெரிய நம்பரைப் பார்த்து வாங்கிட்டீங்களா? கவலையை விடுங்க. பத்து ரூபாய் டேப் போதும். இன்னும் வாங்கலையா? எவ்வளவு தூரம் தெரியும்னு கேட்காதீங்க. எதைப் பார்க்கணும், எந்த நேரத்து வெயில்ல பார்க்கணும்னு முதல்ல உங்களையே கேளுங்க. கடைக்கு அப்புறம் போகலாம்.

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூமுக்கு எமர்ஜென்சி லைட் வாங்கலாமா பாஸ்? இந்தத் தடவை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வருவேன்.

ஜூட்!